பதினோராம் நிலைக்குப் போட்ட கோடு

முன்னொரு காலத்தில் வெண்கடம்பூரை வச்சிரமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் சொன்னது சாயங்காலம் அவனுக்கே பிடிக்காது. அப்பேர்ப்பட்டவனுக்கு ஊர் நடுவே, கடைவீதியில், வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு மாளிகை கட்ட ஆசை வந்தது. ஊரே துள்ளிக் குதித்தது!

பொறுப்பு தலைமைக் கொத்தனார் சிற்றம்பலத்துக்கு வந்தது. ஏழு நிலை என்று ராஜா சொல்ல, ஏழுக்கு அஸ்திவாரம் தோண்டிக் கருங்கல்லும் இறக்கியாயிற்று. அப்புறம்தான் கூத்து. சபையில் திருமேனியார் என்று ஒரு பிரபு, தன் மைத்துனனுக்கு இந்த வேலை கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்து கிடந்தவர். "மகாராஜா, பக்கத்து நாட்டான் எட்டு நிலை கட்டுகிறானாம்!" என்று காதில் ஓதினார்.

"அப்படியானால் நமக்கு ஒன்பது!" என்றான் ராஜா. மறுநாள் மாளிகை வட்டமாக வேண்டும் என்றான். அதற்கு மறுநாள் பழையபடி சதுரம்.

"தங்கள் புகழுக்கு ஒன்பது எந்த மூலைக்கு? பதினொன்று!" என்றார் திருமேனியார்.

"பதினொன்றேதான்!"

சிற்றம்பலம் பயந்துகொண்டே கும்பிட்டார். "ஏழுக்குப் போட்ட அஸ்திவாரம் அவ்வளவு தாங்காது, மகாராஜா."

"முடியாது என்றால் உன் தலை இருக்காது!"

"கட்டி, அது சரிந்தால்?"

"அப்போதும் இருக்காது!"

திருமேனியார் மீசைக்குள் சிரித்தார். அதைப் பார்த்ததும் சிற்றம்பலத்துக்குப் பயம் போய் வீம்பு வந்துவிட்டது. "உத்தரவு, மகாராஜா! உயரம் கூடினால் அடியும் அகல வேண்டும். வாருங்கள், இப்போதே கோடு போடுவோம்!"

சபையே கடைவீதிக்கு ஓடியது. மேற்கே தெப்பக்குளம், வடக்கும் தெற்கும் ராஜவீதிகள். மிச்சம் கிழக்குத்தான். சிற்றம்பலம் சுண்ணாம்புச் சட்டியோடு கிழக்கே நடந்தார். எட்டாம் நிலைக்குப் போட்ட கோட்டுக்குள் ஒரு பெரிய வீட்டின் வாசல் தூண் போயிற்று. ஒன்பதுக்குக் கூடம். பத்துக்குச் சமையல்கட்டு! உள்ளேயிருந்து ஓர் அம்மாள் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"யாரய்யா என் அடுப்பு மேலே சுண்ணாம்பு கொட்டுறது?"

"உங்கள் வீட்டுக்காரர் கேட்ட உயரம்தான், தாயே. பதினொன்றுக்குப் படுக்கையறை. கொஞ்சம் வழி விடுங்கள்."

அம்மாள் கரண்டியோடு திரும்பினாள். ராஜாவுக்குப் பின்னால் பதுங்கினார் திருமேனியார்!

"மகாராஜா, ஏழுதான் அழகு! ஏழே போதும்!"

"என் புகழுக்குப் பதினொன்று என்றீரே?"

"தங்கள் புகழுக்கு ஏழே அதிகம்!" என்று உளறினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊரான் தலை போகிறதென்றால் பதினொன்று, உம் அடுப்பு போகிறதென்றால் ஏழா? மாளிகை முடிகிறவரை கொத்தனாருக்கு நீர்தான் சட்டி தூக்க வேண்டும்!" என்று சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றிச் சிற்றம்பலத்தின் கழுத்தில் போட்டான். தலை தப்பிய சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் கலைந்ததும் ராஜா அவர் காதருகே குனிந்தான். "அதுசரி, பதினைந்து என்றால் எதுவரை போகும்?"

சிற்றம்பலம் சட்டியை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டையும் தாண்டி, நேரே அரண்மனைப் பக்கம் நடந்தார்.

"ஐயோ, அந்தப்புரம்! சட்டியைக் கீழே வையும்!" என்று பின்னாலேயே ஓடினான் ராஜா.

மாளிகை ஏழே நிலையாக எழுந்தது.