தீர்ப்பு நாளைக்கு

கடலோரப் பட்டினம் ஒன்றில் காய்ச்சல் பரவி, வீட்டுக்கு ஒரு பிணம் விழுந்தது. யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். அவர்களும் அதே கிணற்றில்தான் குடித்தார்கள் என்பதை யோசிக்க ஊருக்கு நேரமில்லை.

அது பச்சைப் பொய் என்று பள்ளி ஆசிரியர் அறவாழிக்குத் தெரியும். பொய்யை அடையாளம் கண்டு முறியடிக்கப் பிள்ளைகள் பழகட்டும் என்று பட்டிமன்றம் வைத்தார்: யூதர்கள் நஞ்சு கலந்தார்களா, இல்லையா? வென்றவருக்குப் பொன்னாடை. 'கலந்தார்கள்' என்ற பக்கம், வகுப்பிலேயே நன்றாகப் பேசும் மாதங்கிக்கு விழுந்தது. அவளுக்கு வயது பதினைந்து.

யூதப் பெண் எஸ்தர் மாதங்கியின் உயிர்த்தோழி. ஆனால் தோற்பதும் அவளுக்குப் பிடிக்காது. போன வாரம் எஸ்தரின் தம்பி காய்ச்சலில் இறந்தபோது, அந்த வீட்டார் குடம் குடமாகத் தண்ணீரைத் தெருவில் கொட்டியதை அவள் பார்த்திருந்தாள்.

"சாவு விழுந்தா வீட்டுல இருக்கிற தண்ணிய எல்லாம் கொட்டிடுவோம்டி. எங்க வழக்கம்," என்று எஸ்தர் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

மேடையில் மாதங்கி, எஸ்தர் வீட்டார் தண்ணீர் கொட்டியதைச் சொன்னாள். வழக்கத்தைச் சொல்லவில்லை. "நல்ல தண்ணீரை யாராவது நடுத்தெருவில் கொட்டுவார்களா?" என்று அவள் கேட்டதும், சன்னலில் தொற்றிக்கொண்டிருந்த ஊர்க்கூட்டம் கைதட்டியது. எதிரணிப் பையன் திக்கித் திணறி உட்கார்ந்தான். மணி அடித்தது.

"தீர்ப்பு நாளைக்கு," என்றார் அறவாழி.

கூட்டம் நாளை வரை காத்திருக்கவில்லை. எஸ்தரின் அப்பா பெஞ்சமினைப் பட்டப்பகலில் இழுத்துவந்து அந்தக் கிணற்றிலேயே தள்ளிக் கொன்றது. அன்றுதான் அந்தத் தண்ணீர் நிஜமாகவே கெட்டது. கிணற்றடியில் எஸ்தர் மாதங்கியைப் பார்த்தாள்.

"ஏன் கொட்டினோம்னும் சொன்னியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அறவாழி தீர்ப்புச் சொன்னார்: நஞ்சு என்பது பொய். பொன்னாடை எதிரணிப் பையனுக்குப் போனது.

தள்ளியவர்கள் கொலைகாரர்கள், அதில் புதிர் ஏதுமில்லை. நல்லது நினைத்துப் பொய்யை மேடையேற்றிய அறவாழியா, உண்மையை விழுங்கிவிட்டு வெல்லப் பார்த்த மாதங்கியா? இந்த இருவரில் யார் பிழை பெரிது?

விடை: மாதங்கி என்றுதான் சட்டெனச் சொல்லத் தோன்றும். அவளோ சின்னப் பெண். கொடுத்த பக்கத்தைப் பேசினாள். அறவாழிக்கு அது பொய் என்று தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் பொய்க்குச் சரிபாதி நேரம் கொடுத்து, உண்மையை நாளைக்கு வரச் சொன்னார். அவர் பிழைதான் பெரிது. இதை மாதங்கியிடம் எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணி கொட்டின காரணம் எனக்கு மட்டுந்தானே தெரியும்," என்பாள்.