காற்றுக்குத் தலையாட்டிய ஓணான்

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது. ஓணானுக்குத் தலை ஆடாது. காற்றின் வாய் எப்படி அடைத்தது, ஓணானின் தலை எப்படி ஆடத் தொடங்கியது என்பதுதான் கதை.

மேற்கு மலைக்குக் கீழே ஒரு கருவேலங்காடு. காட்டுக்கு நடுவில் ஓர் ஓடை. ஓடை என்று பேர்தானே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் கிடக்கும். சலித்து வைத்த மாவு மாதிரி மணல். முயல் அதில் புரளும். காடை அதில்தான் குளிக்கும். சாணி வண்டு தன் உருண்டையை அங்கேதான் உருட்டும். கரையில் ஒரு கல்தூண் நின்றது. யார் நட்டார்களோ, எதற்கு நட்டார்களோ. அதன் உச்சிதான் ஓணானின் இடம்.

சும்மா கிடைத்த இடமில்லை அது. காற்று நாலு ஊருக்கும் போய்வருகிற ஆள். எங்கே மழை, எங்கே நெருப்பு, எந்தப் பக்கம் வேட்டைக்காரன், எல்லாம் அதற்குத் தெரியும். போகிற போக்கில் கல்தூண் பக்கம் நின்று சேதி சொல்லிவிட்டுப் போகும். ஆனால் நேராகச் சொல்லாது. மரத்தைச் சுற்றி, பாறையை வளைத்து வந்தே பழகிய உடம்பு. பேச்சும் அப்படித்தான் வரும். வெயில் கூடப்போகிறது என்று சொல்ல வேண்டுமானால், "மேலே அடுப்பெரிக்கிறவள் இன்னும் கொஞ்சம் விறகைத் திணிச்சிட்டா" என்று சொல்லும்.

அதை ஓர் எழுத்துப் பிசகாமல் பிடித்துவைத்து எல்லோருக்கும் ஒப்பிக்க ஓணான் ஒருவனால்தான் முடியும். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவன் ஒப்பிக்கிறபோது காடே வாயைப் பிளந்து கேட்கும்.

"என்னமாச் சொல்றாரு மாமா!" என்று மைனா மெச்சிக்கொள்ளும். கொழுத்த வெட்டுக்கிளி ஒன்று கிடைத்தால் தூணடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்.

சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஓணானுக்கும் தெரியாது. நடப்பது நடந்து முடிந்த பிறகு, "ஓகோ, இதைத்தான் காத்து சொல்லியிருக்கு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்வார்கள். அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, கரிச்சான் வருகிற வரைக்கும்.

கரிச்சான் குருவி எங்கிருந்தோ வந்தாள். கைப்பிடி அளவு உடம்பு, கன்னங்கரேல் என்று நிறம், ரெண்டாகப் பிரிந்த வால். வந்த கொஞ்ச நாளில் காற்று ஒரு சேதி கொண்டுவந்தது. ஓணான் வழக்கம்போல ஒப்பித்தான்: "சிவப்புச் சேலைக்காரி கிழக்கே இருந்து பசியோட கிளம்பிட்டா. அவ நடந்த பாதையில மைதான் மிஞ்சும்."

"விருந்தாளி வர்றாங்களா!" என்று முயல் துள்ளியது. "பசியோட வந்தா என்ன கொடுக்கிறது? நல்லாக் காய்ஞ்ச புல்லாப் பார்த்துக் குவிச்சு வைப்போம்."

குவிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது கரிச்சான் கீச்சென்று கத்திக்கொண்டு வந்தாள். "அடப் பாவிகளா, புல்லைக் குவிக்காதீங்க! வர்றது நெருப்பு. எல்லாரும் புல்லில்லாத இடமாப் பார்த்து ஓடுங்க. மணலுக்கு ஓடுங்க!"

ஓடினார்கள். கிழக்கே புகை எழுந்தது. காடு பாதி கரிந்தது. மணலில் உட்கார்ந்திருந்த ஓர் உயிருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மைனா கொண்டுவந்த வெட்டுக்கிளி தூணடிக்கு வரவில்லை. கரிச்சானின் கிளைக்குப் போயிற்று.

ஓணான் அதைப் பார்த்தான். வெட்டுக்கிளிக்கு என்ன பஞ்சம், அவனே பிடித்துத் தின்னலாம். ஆனாலும் தொண்டைக்குள் மிளகாய்ப்பழத்தைக் கடித்தது மாதிரி சுருக்கென்றது. ஊரே தன்னைப் பார்த்துக் கழுத்தைத் தூக்குகிற நேரத்தில், இன்றைக்கு எல்லாக் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தன் வீட்டுக்காரியின் கழுத்தும்.

"பாவம், சின்ன உசுரு. எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கு பார்த்தீங்களா?" என்றாள் பெண் ஓணான்.

"கரிக்கட்டைக்கு வால் முளைச்சா அதுக்குப் பேரு கெட்டிக்காரியா?" என்று ஓணான் வெடுக்கென்று சொன்னான். "சேதியைச் சொன்னது யாரு? நான். ஓர் எழுத்து விட்டேனா?"

"நீங்க விடலைதான்" என்றாள் அவள். அந்த 'தான்' அவனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

இந்தக் கரிச்சானிடம் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று ஓணான் முடிவு கட்டினான். அடுத்த முறை காற்று சேதி சொல்லிவிட்டுக் கிளம்பியதும் அதன் பின்னாலேயே ஓசைப்படாமல் போனான். கொஞ்சம் தள்ளி ஒரு புதர். அங்கே கரிச்சான் காற்றை வழிமறித்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னது எனக்குப் புரியலை. வேற மாதிரி சொல்லுங்களேன்."

காற்று சிரித்துக்கொண்டே வேறு மாதிரி சொன்னது.

"இதுவும் பாதிதான் புரியுது. அது எங்க இருக்கும்? எதைத் தின்னும்? அது போன பிறகு அந்த இடம் எப்படிக் கிடக்கும்?"

ஒவ்வொன்றுக்கும் காற்று நிதானமாகப் பதில் சொன்னது. கடைசியில் கரிச்சான் சிறகைத் தட்டிக்கொண்டு, "ஆங், இப்போ பிடிபட்டுச்சு!" என்று பறந்துவிட்டாள்.

ஓணானுக்குத் தாங்கவில்லை. இவ்வளவுதானா! ஒன்றும் தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்கிற ஒரு மண்டூகமா என் வெட்டுக்கிளியைத் தின்றது? விழுந்தடித்து ஓடிவந்து தூணில் ஏறி எல்லோரையும் கூப்பிட்டான்.

"கேட்டீங்களா சங்கதியை? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. காத்துகிட்டயே போய்க் கேட்டுட்டு வர்றா. என் கண்ணால பார்த்தேன். வெட்கமில்லாம, புரியலை புரியலைன்னு கேட்கிறா!"

எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள் என்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டா சொல்லுமா காத்து?" என்று சாணி வண்டு ஆச்சரியப்பட்டது. "இத்தனை நாளும் நமக்கு இது தோணாமப் போச்சே!"

"ஏன் மாமா, பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கீங்க. நீங்க ஒரு தரம்கூடக் கேட்டதில்லையா?" என்றது மைனா.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டது. அதுதான் இன்னும் எரிந்தது. ஓணானின் தொண்டையில் லேசாக ஒரு செம்மை படர்ந்தது. அதுவரை அவன் மரப்பட்டை நிறம்.

மழைக்காலம் நெருங்கியது. கரைக்குக் கீழே ஓடை மணலில் குழி பறித்து, முட்டைகளை இட்டு மூடிவைத்திருந்தாள் பெண் ஓணான். தலைச்சன் முட்டைகள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய் அந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வருவாள்.

ஒருநாள் காலையில், காற்று வருகிற நேரமாகப் பார்த்து, ஓணான் கரிச்சானிடம் போனான். என்றைக்கும் இல்லாத இனிப்போடு பேசினான்.

"தங்கச்சி, மலையடிவாரத்துல ஈசல் கிளம்பியிருக்காமே. பொலபொலன்னு கொட்டுதாம். உனக்குத் தெரியாதா?"

"ஈசலா! அண்ணே, காத்து வர்ற நேரமாச்சே?"

"இன்னைக்கு அது வராது. வந்தா நான் இல்லையா?"

கரிச்சான் நம்பிப் போய்விட்டாள். அவள் மறைந்த கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. அன்று அதற்கு மூச்சு வாங்கியது. ஈர வாடை அடித்தது.

"மேற்கே கட்டிப்போட்டிருந்த கன்னுக்குட்டி கயித்தை அறுத்திருச்சு. தாய் மடியைத் தேடித் தாவி வருது. அது வர்ற பாதையில படுத்திருக்கிறவங்க எழுந்திரட்டும்" என்றது. பிறகு, "புரிஞ்சுதா?" என்று கேட்டது.

ஓணானுக்குப் புரியவில்லை. கன்றுக்குட்டி எதற்கு இந்தக் காட்டுக்கு வருகிறது? அதன் தாய் எங்கே இருக்கிறாள்? கேட்க வாயைத் திறந்தவன்தான். 'புரியலை புரியலைன்னு கேட்கிறா' என்று தூணிலேறித் தான் கத்தியது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, ஆம் என்று தலையை ஆட்டினான்.

"நல்லாப் புரிஞ்சுதா? வேற மாதிரி சொல்லட்டுமா?"

இன்னும் பலமாக ஆட்டினான்.

"அந்தக் கறுத்த பொண்ணை எங்க காணோம்? சரி, நீதான் புரிஞ்சுதுங்கிறியே" என்று சொல்லிவிட்டு, மற்ற ஊர்களுக்கும் சொல்லவேண்டுமே என்று காற்று பறந்தது.

ஓணான் தூணில் நிமிர்ந்து நின்று ஒப்பித்தான். இந்த முறை அதோடு நிறுத்தவில்லை. அர்த்தமும் சொல்லத் தனக்குத் தெரியும் என்று காட்டவேண்டுமே! "அதாவது, ஒரு கன்னுக்குட்டி நம்ம ஓடை வழியா வருது. மரியாதைக்கு எல்லாரும் எழுந்து நின்னு வரவேற்கணும். அவ்வளவுதான்."

காட்டுக்கே கொண்டாட்டம். கன்றுக்குட்டி என்றால் உண்ணி இருக்கும் என்று மைனா கணக்குப் போட்டது. சாணி வண்டுக்கோ கனவே கைகூடி வருகிற மாதிரி. உருண்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடை நடுவில் போய் முதல் ஆளாக நின்றது. முயல், காடை, எல்லோரும் மணலில் இறங்கி வரிசையாக நின்றார்கள். கழுத்துகளெல்லாம் மறுபடி ஓணான் பக்கம் திரும்பின. அந்தச் சுகத்தில் அவனுக்குத் தொண்டை எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

பெண் ஓணான் மட்டும் தூணில் ஏறி அவன் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, படுத்திருக்கிறவங்க எழுந்திரட்டும்னுதானே சொல்லுச்சு? நம்ம முட்டைங்க அங்கேதானே படுத்திருக்கு. அதுங்களுக்கு எழுந்திருக்கத் தெரியாதே."

"கன்னுக்குட்டி மிதிச்சா என்ன ஆயிரும்? ஆழமாத்தானே புதைச்சிருக்கே."

"அதுக்கில்லைங்க. எனக்கென்னவோ மனசு ஒப்பலை. காத்து ரொம்ப தூரம் போயிருக்காது. ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"யாரு, நானா? அந்தக் கரிக்கட்டை மாதிரி பின்னால ஓடிக் கேட்கணுமா?"

"அப்போ முட்டைக்கு ஒண்ணும் ஆகாதே? உங்களுக்கு நல்லாத் தெரியுமே?"

ஓணான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் நம்பினாள்.

அடிவாரத்தில் ஓர் ஈசல்கூட இல்லை. ஏமாந்து திரும்பிய கரிச்சான் மேலேயிருந்து ஓடையைப் பார்த்தாள். மலையிலிருந்து செம்மண் நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் கன்றுபோல ஒன்று துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தது. கடலைத் தேடிப் போகிற காட்டு வெள்ளம். கரிச்சான் தன் உயிரைக் கொடுத்துப் பறந்தாள்.

"வெள்ளம்! வெள்ளம்! கரையேறுங்க!"

சுற்றி வளைக்க அவளுக்கு நேரமில்லை. முயல் தாவியது. காடை பறந்தது. மைனா சாணி வண்டை அலகில் கவ்விக்கொண்டு மேலே எழும்பியது. கரைக்குக் கீழே ஓடியவள் ஒருத்திதான். பெண் ஓணான் மணலைப் பறித்தாள், பறித்தாள். முதல் முட்டை கையில் தட்டுப்படுகிற நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. கரிச்சான் அவள் வாலைப் பிடித்து இழுத்து ஒரு கிளையில் போட்டாள். முட்டைகள் வெள்ளத்தோடு போயின, அவள் மட்டும்தான் மிஞ்சினாள்.

தண்ணீர் வடிந்த பிறகு காற்று வந்தது. கல்தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் கேட்டேனேப்பா. புரிஞ்சுதான்னு கேட்டேனே. புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னு சொல்லியிருப்பேனே."

புரியவில்லை என்று சொல்லத்தான் ஓணான் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. அவன் நிறுத்தப் பார்த்தும் நிற்காமல் தலைதான் மேலும் கீழும் ஆடியது. தொண்டையிலிருந்த செம்மை கழுத்தெல்லாம் பரவி, ரத்தம் மாதிரி நின்றது.

காற்று ஒரு பெருமூச்சு விட்டது. "இனிமே என்னத்தைச் சொல்றது" என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. இப்போது அது வருகிறது, போகிறது. இலையைத் தொட்டு ஏதோ முணுமுணுக்கிறது. வார்த்தை மட்டும் இல்லை.

ஓணானின் கழுத்து சிவந்ததும், வேலியில் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்காத கேள்விக்கு அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவதும் அன்று முதல்தான். பெண் ஓணானைப் பாருங்கள், அவளுக்குக் கழுத்து சிவப்பதில்லை. குழி பறிக்கிற நாளில் அவளே மேடாகப் பார்த்து, மண்ணை முகர்ந்து, இடத்தைத் தீர்மானித்துக்கொள்கிறாள். பக்கத்தில் ஆண் ஓணான் எவ்வளவுதான் தலையை ஆட்டினாலும், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.