கூப்பிடாமல் வெட்டிய வரப்பு

மழை விட்டு வெயில் தலைகாட்டிய அன்று காலையில் கலியபெருமாள் மேட்டுமடத்துக்கு வந்தார். எப்போதும் வரும்போது கையில் ஒரு பூசணிக்காயோ ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். அன்று வெறுங்கையோடு வந்து நின்றார். அது அவருக்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. ஊரிலேயே மேடான இடம் என்பதால் எந்த வெள்ளமும் அதை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே இருந்தவர் நீலாயதாட்சி அம்மாள். கலியபெருமாளைவிட வயதில் இளையவர்தான். இருந்தாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர். உபதேசம் கேட்கலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் விறகு பிளந்து கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அம்மாளுக்குப் பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் எப்போது வரும், எந்த ரூபத்தில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மாள் முற்றத்தில் பாய் விரித்து, ஈரம் ஏறிய அரிசியைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். கலியபெருமாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க."

"எதுக்கு?"

கலியபெருமாள் உடனே சொல்லவில்லை. மழையின் மூர்க்கத்தைப் பற்றிச் சொன்னார். பக்கிரிசாமி வீடு இடிந்ததைச் சொன்னார். அவன் குடும்பத்தைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுவதைச் சொன்னார். அம்மாள் அரிசியைக் கிளறிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனபோது, உண்மையைச் சொன்னார்.

அந்தப் பக்கத்து விவசாயத்தில் ஒரு முறை உண்டு. மேல்வயல்காரன் தண்ணீரை இறக்க வேண்டுமானால், முதலில் வரப்பில் நின்று கீழ்வயல்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் வந்து தன் வயல் தண்ணீர் வடிகாலுக்குப் போகும் கடைமடையைத் திறந்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவான். அதற்குப் பிறகுதான் மேலே மண்வெட்டி விழும். தண்ணீர் யார் வயலிலும் தங்காமல் இறங்கி வடிகாலுக்குப் போய்விடும். வடிகால் நிரம்பித் தண்ணீர் எதிர்த்து ஏறுகிற நாளில் கீழ்வயல்காரன் 'பொறு' என்பான். பொறுத்துத்தான் ஆக வேண்டும். பங்காளிச் சண்டையில் முகத்தில் முழிக்காதவர்கள்கூட இந்தக் கூப்பாட்டை விட்டதில்லை.

கலியபெருமாளின் வயல் மேலே, பக்கிரிசாமியின் வயல் கீழே. பக்கிரிசாமியின் வீடும் அந்த வயலை ஒட்டித்தான், மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தது. விடாமல் அடித்த கார்த்திகை மழையில், கதிர் வெளிவருமுன் பொதி கட்டும் பருவத்தில் இருந்த கலியபெருமாளின் சம்பா முழுகிக்கொண்டு வந்தது. இலை நுனிகள் மட்டும்தான் தெரிந்தன. இன்னும் ஒரு பொழுது நின்றால் அழுகிவிடும். அவர் மண்வெட்டியோடு வரப்புக்குப் போனார்.

வடிகால் எதிர்த்து ஏறுவதால் பக்கிரிசாமி தன் கடைமடையை மண்மூட்டை போட்டு அடைத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் என்ன சொல்லுவான் என்பதும் தெரியும். 'பொறுங்கண்ணே' என்பான். கூப்பிட வாயைத் திறந்தவருக்கு அந்தப் பதில் முன்கூட்டியே காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். வெட்டினார்.

அவர் வெட்டியது ஒரு மண்வெட்டி அகலம். தண்ணீர் அதை ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பிய்த்துவிட்டது. வெட்டின தடமே இல்லாமல் போனது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் எப்படியும் பள்ளத்துக்குத்தானே போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் பக்கிரிசாமியின் வீட்டுச் சுவர் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மனைவி தைலம்மையையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தலையில் ஒரு அண்டாவோடு, அவன் நேராகக் கலியபெருமாளின் மாடி வீட்டுக்குத்தான் வந்தான். வாசலில் நனைந்துகொண்டே நின்று அவன் முதலில் கேட்டது இதுதான்.

"அண்ணே, வரப்பு உடைச்சுக்கிட்டு வந்துடுச்சு. உங்க பயிரு என்னாச்சோ?"

கலியபெருமாள் 'உள்ளே வா' என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்த உபசாரத்தைப் பார்த்து அவர் மனைவி இந்திராணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்தவர்களுக்கு மோர் கொடுக்கவே யோசிக்கிற மனுஷன், தன் கட்டிலைக் கொடுத்தார். பொன்னி அரிசி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பால் வாங்கி வந்தார். தைலம்மைக்கு இந்திராணியின் புதுப் புடவையை எடுத்துக் கொடுத்தார். ஊர் மெச்சியது. டீக்கடையில் அவரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கிரிசாமியோ, உடைந்த வரப்பை அவனே மூட்டை போட்டு அடைத்துவிட்டு வந்து, 'உங்க வரப்பு அண்ணே, சரி பண்ணிட்டேன்' என்றான். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் கலியபெருமாளுக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை வாங்குவது என்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விரதம் இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன்மா. மடத்து ஓட்டப் பிரிச்சு மாத்திக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன். எதுனாலும் சொல்லுங்க."

"பக்கிரிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன்கிட்ட சொல்லாம இதத் தீக்கிறதுக்கு ஒரு வழி கேக்கிற."

கலியபெருமாளுக்குக் காது மடல் சூடாவது தெரிந்தது. இந்தப் பெண்பிள்ளை முன்னால் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்துக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டார்.

அம்மாள் எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். திருவோட்டோடு வெளியே வந்தார்.

"வா."

இருவரும் மேட்டிலிருந்து இறங்கி வயல்காட்டுக்கு நடந்தார்கள். எங்கே போகிறோம் என்று கேட்கக் கலியபெருமாளுக்குத் தைரியம் வரவில்லை. பாதி வழியில் அவருக்கே புரிந்துவிட்டது.

அடைத்த வரப்புக்கு ஒரு பக்கம் கலியபெருமாளின் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. மறுபக்கம் பக்கிரிசாமியின் வயலில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி, பயிர் மஞ்சளித்துப் படுத்திருந்தது. அழுகல் நாற்றம் வந்தது. தூரத்தில் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் பக்கிரிசாமி கூரைக் கழிகளை உருவி அடுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கிரிசாமியின் வயலுக்குள் இறங்கினார். திருவோட்டில் தண்ணீரை மொண்டார். வரப்புக்கு மேலே கையை நீட்டி, கலியபெருமாளின் வயலில் ஊற்றினார். மறுபடி மொண்டார். மறுபடி ஊற்றினார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"தண்ணி இறைக்கிறேன்."

"என் வயல்ல ஊத்துறீங்களே."

"எங்கேருந்து வந்துச்சோ அங்க ஊத்துறேன்."

கலியபெருமாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருவோட்டுத் தண்ணீரால் அவர் பயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பக்கிரிசாமி பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கரையேறச் சொல்லி அம்மாளைக் கெஞ்சினார். அம்மாள் காதிலேயே வாங்கவில்லை. மொள்வதும் ஊற்றுவதுமாக இருந்தார்.

பக்கிரிசாமி பார்த்துவிட்டான். கையிலிருந்த கழியைப் போட்டுவிட்டு, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வேகமாக வந்தான்.

"அம்மா, அங்க ஊத்தாதீங்கம்மா. அண்ணன் பயிராவது நிக்கட்டும்."

"வேற எங்க ஊத்துறது?"

பக்கிரிசாமி சுற்றிப் பார்த்தான். ஒரு திருவோட்டை வைத்து வயலை இறைக்க முடியாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. மடத்தம்மா ஏதோ வேண்டுதலாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான். மறுத்துப் பேச மனம் வரவில்லை. திருவோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தண்ணீரை மொண்டு, சிந்தாமல் ஏந்திக்கொண்டு, வயலின் அந்தக் கோடிவரை நடந்து, ரோட்டோரப் பள்ளத்தில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி மொண்டான். போகும்போது கலியபெருமாளைப் பார்த்துச் சிரித்தான்.

"பயப்படாதீங்கண்ணே. உங்க பக்கம் ஒரு சொட்டு வராது."

கலியபெருமாள் வரப்பில் அப்படியே குந்திவிட்டார். அவன் ரோட்டோரத்திலிருந்து திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. அவன் பக்கத்தில் வந்ததும் சொன்னார்.

"பக்கிரி. வரப்பு தானா உடையல."

அவன் நின்றான்.

"நான்தான் வெட்டுனேன். உன்ன கூப்பிடல."

பக்கிரிசாமி வரப்பைப் பார்த்தான். தான் அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் நின்ற பச்சைப் பயிரைப் பார்த்தான். அடிப்பான், திட்டுவான் என்று கலியபெருமாள் எதிர்பார்த்தார். அது நடந்திருந்தால் தேவலை.

"நான் வீட்டுலதானண்ணே இருந்தேன்" என்றான் பக்கிரிசாமி.

அவ்வளவுதான் பேசினான். திருவோட்டை அம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே போனான். அந்த 'அண்ணே'தான் கலியபெருமாள் அவன் வாயிலிருந்து கேட்ட கடைசி 'அண்ணே'.

அன்று மாலையே பக்கிரிசாமி குடும்பத்தோடு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட்டான். தைலம்மை புதுப் புடவையைத் துவைத்து உலர்த்தி, மடித்துக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிள்ளைகள் குடித்த டம்ளர்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இந்திராணி புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள். விஷயம் ஊருக்குள் பரவியதும் டீக்கடையில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. அவர் வந்தால் பேச்சு நின்றது, அவர் போன பிறகு தொடர்ந்தது.

தரை காய்ந்ததும் பக்கிரிசாமி சுவர் எழுப்ப ஆரம்பித்தான். கலியபெருமாள் போய் நின்றார். வா என்றும் அவன் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை மிதித்தார். மிதித்த சேற்றை உருட்டிக் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிச் சுவரில் வைத்தான். தினமும் போனார். விளைவதில் பாதி உனக்கு என்று ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அறுப்பு வரட்டும், பார்த்துக்கலாம் என்று அவனும் சுவரைப் பார்த்தே சொன்னான். வரப்பில் உண்மையைச் சொன்ன பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அறுப்பும் வந்தது. சொன்னபடி பாதி நெல்லை வண்டியில் ஏற்றி அவன் வாசலில் இறக்கினார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தைலம்மை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைக் குடித்துவிட்டு, கலியபெருமாள் அங்கிருந்து நேராக மேட்டுமடத்துக்குப் போனார்.

அம்மாள் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, எல்லாம் செஞ்சிட்டேன். அவன்கிட்ட சொல்லிட்டேன். செவுரு வச்சாச்சு. பாதி நெல்லும் அவன் வீட்டுக்குப் போயிடுச்சு."

"சரி."

"வெட்கம் மட்டும் போகலம்மா. மண்வெட்டியத் தொட்டாலே கை கூசுது. அவன் வயலத் தாண்டுறப்ப தலை தானா குனியுது. இது எப்பம்மா போகும்?"

அம்மாள் கீரைக்கட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"எதுக்குப் போகணும்?"

கலியபெருமாள் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார் அம்மாள். "அடுத்த மழைக்கு வேணும்."