அறுபதில் போட்ட கோடு

பிச்சைக்கனிக்கு முதலில் அநியாயம் செய்தவர் தவசிலிங்கம், வெள்ளைக்கரை உப்பளச் சங்கத்தின் செயலாளர். பொதுக்கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும், "மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு நிதிக் கணக்கு எதுக்கு அண்ணாச்சி? நீரு போயி பாத்தியை மிதியும்" என்று சொல்லி, கமிட்டியிலிருந்து அவர் பெயரை அடித்தார். கூட்டம் சிரித்தது. பிச்சைக்கனிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. சிரித்தவர்களின் பெயர்களை இன்றைக்குக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார்.

விவகாரம் இதுதான். புயலில் உப்பு கரைந்துபோனால் உப்பளக்காரர்களுக்கு ஈடு கொடுக்க, சங்கத்தில் ஒரு கோடியே ஐந்து லட்சம் சேர்ந்திருந்தது. அதில் எண்பத்தைந்து லட்சத்தை எடுத்துக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றார் தவசிலிங்கம். வருஷ நஷ்டம் சராசரி இரண்டரை லட்சம்தான், கையில் இருபது லட்சம் இருந்தால் எட்டு மடங்கு காவல் என்று ஏட்டைக் காட்டினார். அது தப்பு என்று பிச்சைக்கனிக்குத் தெரிந்தது, எழுந்து சொல்லவும் செய்தார். ஏன் தப்பு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

ஜெசிந்தா டீச்சரிடம் போனார். டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் புயல் நஷ்டம் மதிப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கேட்டு வருகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். பிச்சைக்கனி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் வராத பெரிய நஷ்டத்தை, வர்றதுக்கு முன்னாடி எப்படி அளக்குறது டீச்சர்?"

சங்கத்தின் நஷ்ட ஏடுகளைக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். பிச்சைக்கனி தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்துநான்கு ஏடுகள்.

"முப்பது வருஷச் சங்கமாச்சே. ஆறு வருஷம் எங்கே?"

பிச்சைக்கனி தயங்கித்தான் சொன்னார். பெருவெள்ளம் வந்த வருஷத்தை மற்ற வருஷங்களோடு சேர்ப்பதில்லை. கடல் ஏடு என்று தனியாக எழுதி, மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் கோயிலில் வைத்துவிடுவார்கள். அது கடல் எடுத்துக்கொண்டது, வியாபாரக் கணக்கிலும் சராசரியிலும் வராது. பிரித்துப் பார்த்தால் கடல் திரும்ப வரும் என்று யாரும் தொடுவதும் இல்லை.

டீச்சர் இருபத்துநான்கு ஏடுகளையும் அவர் பக்கமே நகர்த்தினார்.

"இதைக் கொண்டுபோயிருங்க. அதைக் கொண்டாங்க."

பூசாரி வைத வசவைக் காதில் வாங்கிக்கொண்டே எடுத்துவந்தார். டீச்சர் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஆறு எண்கள். பன்னிரண்டு லட்சம், பதினான்கு, பதினாறு, பதினெட்டு, முப்பது, அறுபது.

டீச்சர் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு இழுத்தார். இது பத்து லட்சம், ஒவ்வொரு வெள்ளமும் இதைத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டார். பிச்சைக்கனி விரலை மடக்கி மடக்கிக் கூட்டி வகுத்தார். தாண்டிய தூரத்தின் சராசரி பதினைந்து லட்சம் வந்தது. டீச்சர் கோட்டைப் பதினைந்துக்கு ஏற்றினார். தாண்டியவை நாலு, சராசரி பதினாறு. இருபதுக்கு ஏற்றியபோது மிஞ்சியவை இரண்டே. சராசரி இருபத்தைந்து. இதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

"கோடு ஏற ஏற, தாண்டுற தூரம் குறையுதா, கூடுதா?"

"கூடுது."

"அறுபதுல கோடு போடுங்க."

"அதைத் தாண்டி எதுவும் வந்ததில்லையே டீச்சர்."

"வந்தா?"

பிச்சைக்கனி விரலாலேயே தரையில் அறுபதுக்குக் கோடு கீறினார். "அறுபதுக்கு மேல இருபத்தஞ்சுக்குக் குறையாது. நாப்பதுகூடப் போகும். மொத்தம் நூறு லட்சம்."

டீச்சர் சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பிச்சைக்கனி மஞ்சள் துணியை எல்லார் கண்ணெதிரிலும் பிரித்தார். அபசகுனம் என்று தவசிலிங்கம் எழுந்து நின்று கத்தினார். பிச்சைக்கனி குனிந்து கோடு போட்டுக்கொண்டே இருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களே விரல் மடக்கத் தொடங்கினார்கள். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் மண்டபம் தோற்றது. வைகாசி முழுக்க, பக்கத்து ஊர் மண்டபத்துக்குக் கல்யாணச் சாமான் ஏற்றிப் போனவர்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "மண்டபத்துக்காரர் இருக்காரா?" என்று குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாளில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்குப் போனது. கணக்கெடுத்தபோது நஷ்டம் தொண்ணூற்று நான்கு லட்சம். சங்கம் ஒருவர் விடாமல் கொடுத்தது. கொடுத்த பிறகும் பதினொரு லட்சம் நின்றது. வெள்ளைக்கரையில் ஒரு பாத்திகூட விலைக்குப் போகவில்லை.

மேளம் வைத்துப் பிச்சைக்கனி வீட்டுக்கு வந்தார்கள். அன்று சிரித்தவர்கள்தான் முன்வரிசையில் மாலையோடு நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மனசுக்குள் பெயர் சொல்லி, கழுத்தை நீட்டினார். வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்றதில்லை. தவசிலிங்கம் மட்டும் வரவில்லை. தன் அளத்துக்கு வந்த ஈடு ஒன்பது லட்சத்துக்கு முதல் நாளே கையெழுத்துப் போட்டு, செக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார்.

பிச்சைக்கனி மாலையோடு டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் மனசாரச் சிரித்தார், காபி கொடுத்தார். அவர் குடித்து முடித்தும் எழவில்லை.

"தவசிலிங்கம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. கூட்டத்துல பறிச்சதைக் கூட்டத்துல வச்சுத்தான் திருப்பித் தரணும். அது எனக்கு வரவேண்டிய பாக்கி டீச்சர்."

"கேட்டீங்களா?"

"கேட்டு வாங்குறதா அது?"

"சரி. வராமலே போனா, தாங்குற அளவுக்கு மனசுல சேத்து வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?"