புதர் இந்தப் பக்கம், கடலை அந்தப் பக்கம்

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. இரும்புக்கு இருமல் வந்தது போல. இருமும், அடங்கும், கண்ணை மூடினால் மறுபடி இருமும்.

தியானத்தில் இருந்த அம்பலவாணர் எழுந்துவிட்டார். சர்வேயராக ஓய்வு பெற்று, அறுபது வயதில் ஆசிரமத்துக்குச் சீடனாக வந்தவர். குரு நாச்சியம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, இப்படிச் சத்தம் போட அந்தக் கடலைக்காட்டுக்காரிக்கு உரிமை உண்டா?"

"அளந்து பாருங்கள்."

காலையில் சங்கிலி பிடித்து அளந்தார். பக்கத்துக் கடலைக்காட்டுச் செல்லக்கனி காட்டுப்பன்றியை விரட்ட எண்ணெய் டின் கட்டி ஆட்டும் வேம்பு, எல்லைக் கல்லுக்கு இப்பால் ஒன்றரை அடி தள்ளி ஆசிரமத்து நிலத்தில் நின்றது. நேரே அவளிடம் போனார்.

"மரம் எங்களுது தாயி. டின்னை அவிழ்த்துடு."

"அவிழ்த்துடறேன் ஐயா. பகல்ல பன்னி படுக்கிற புதர் யாருது?"

அதுவும் கல்லுக்கு இப்பால்தான். அவருக்குத் தெரியும்.

"அதை வெட்டிடுங்க. நான் டின்னைத் தொட மாட்டேன்."

"ஆசிரமத்துக்கு மறைப்பே அதுதான்."

"எனக்குச் சோறே இதுதான்."

மரத்திலிருந்து ஒரு கயிறு அவள் வீட்டு வாசலுக்குள் போனது. உள்ளே குழந்தை தூங்கியது.

"வீட்டுக்காரர் திருப்பூர்ல. கைப்பிள்ளையோட நான் ஒருத்தி. படுத்தபடியே டின்னை ஆட்டணும்னு கயித்தை உள்ள விட்டிருக்கேன். கதவைச் சாத்த முடியலை. பன்னி வருதோ, ஆளு வருதோன்னு பொட்டுத் தூக்கம் இல்லை."

அம்பலவாணர் திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா நீங்க சும்மா முழிச்சுத்தானே உட்கார்ந்திருக்கீங்க? அதையே என் காட்டுக்குள்ள வந்து செய்யுங்க. விளக்கும் மனுஷ வாடையும் இருந்தா பன்னி எட்டிப் பார்க்காது."

"எத்தனை ராத்திரி?"

"கடலை பிடுங்க இருபது நாள் ஆகும்."

"பத்து."

"பத்து நாள்ல பிஞ்சுதான் இருக்கும். பதினஞ்சு வாங்க. மிச்சத்துக்கு எங்க அண்ணனை வரச் சொல்றேன். போன வெள்ளாமைக் கடலை இருக்கு, தினம் ஒரு படி அவிச்சுத் தர்றேன்."

"உப்புப் போட்டா?"

"உப்புப் போட்டுத்தான்."

திரும்பி வந்து குருவிடம் சொன்னார். சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை.

"உரிமை நம்முடையது. காவலுக்குப் போவதோ நான். அந்த ஒன்றரை அடி அவள் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அம்மா?"

"அப்போதும் நீங்கள்தான் போயிருப்பீர்கள்" என்றார் நாச்சியம்மை. "கடலை கிடைத்திருக்காது."

அன்று இரவு அம்பலவாணர் காட்டின் நடுவே விளக்கை வைத்து உட்கார்ந்தார். செல்லக்கனி கயிற்றைச் சுருட்டி வாசலுக்கு வெளியே போட்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.