குளம்புத் தடம்

"நாளைக்கு அவங்க வந்துடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு, நோராம்மா," என்றார் டக்ளஸ்.

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு முப்பதுதான். நோரா ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பூர்வகுடிப் பெண். தன் இனத்தவர் மணலில் வரையும் குறிகளை அவருக்குக் கற்றுக்கொடுத்தாள்.

மனிதர் பொழுதுபோகாமல் கற்க வரவில்லை. இதே சுனைக்கரையில்தான் வெள்ளைக்காரரான அவருடைய தாத்தா குதிரைக்காரர்களைக் கூட்டிவந்து நோராவின் இனத்தவரைச் சுட்டுத் தள்ளினார். செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாளை வருகிறார்கள். மன்னிப்புக் கேட்க டக்ளஸுக்கு வாய் வரவில்லை. அதனால் அந்தக் குறிகளை வைத்துத் துணியில் ஒரு படம் வரைந்திருந்தார்.

நோரா படத்தைப் பார்த்தாள். நடுவில் நெருப்பு. சுற்றிலும் லாடம் மாதிரி வளைவுகள். ஒவ்வொரு வளைவும் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு வளைவு.

"இது யாரு?"

"நான்தான். அவங்களோட உக்கார வரேன்."

நோரா விரலால் மணலில் அதே வளைவைப் போட்டாள். அதன் முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் இன்னொன்று. வரிசை டக்ளஸின் காலடிவரை வந்து நின்றது.

"இது?"

"ஆளுங்க."

"குதிரை. குளம்புத் தடம்."

டக்ளஸ் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரே குறியா? அப்ப பாக்கிறவங்க எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

"உக்காந்திருந்தா ஆள். வந்துக்கிட்டே இருந்தா குதிரை."

"என்னோடத அழிச்சிடவா?"

"அழிச்சா நீங்க வரவே இல்லன்னு ஆயிடும்."

அன்றிரவு அவர் தூங்கவில்லை.

காலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் மட்டும் தெரிந்தன. அந்த முகங்களிலும் பயம் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஈடித் என்ற பெண்மணி மட்டும் இறங்கி வந்தார்.

படத்தின் மேல் ஓடிய அவர் விரல் அந்தத் தனி வளைவில் நின்றது.

"இது ஆளா, குதிரையா?"

டக்ளஸ் நோராவைப் பார்த்தார். விடிய விடிய மனப்பாடம் செய்த மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட அவருக்கு வரவில்லை. பயத்தில் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஈடித் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இறங்கி வாங்க. ஆள்தான்."