ஏரிக்கரைக்கு வாக்கு தேடின ஊர்

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். ஏரி நல்ல ஏரிதான், ஊர்தான் வடிகட்டின மக்கு ஊர். ம் சொல்லுடி. அந்த ஊர்ல தாண்டவராயன்னு ஒருத்தர். கப்பல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டே நாலு துறைமுகம் பார்த்தவர். அங்கங்கே பெரியவங்க சொன்ன வாக்கையெல்லாம் பொறுக்கிட்டு வந்து, திங்கிறதும் பேசுறதுமா குதிர் மாதிரி உட்கார்ந்துட்டார். எந்த வேலைக்கும் முதல்ல அவர் ஒரு வாக்கு சொல்லணும். அதுக்கு முன்னாடி மம்பட்டியை எடுத்தா தெய்வகுத்தமாம்! வெட்கங்கெட்ட ஜனங்க.

அப்போ, ஏரிக்குக் கீழே பச்சையம்மான்னு ஒருத்திக்கு அரைக்காணி நெல். ஒத்தையா நட்டு, ஒத்தையா களை பறிச்சு, நாளைக்கு அறுப்பு. அவளுக்கும் அவ மகளுக்கும் வருஷம் பூரா கஞ்சி அதுலதான். அன்னைக்குக் காலையில பார்த்தா, கரையில ஒரு நண்டு வளை பெருசாகி, தண்ணி சொட் சொட்டுனு கசியுது. தெய்வகுத்தமாவது மண்ணாவதுன்னு கூடை கூடையா மண்ணைக் கொட்டினா. அத்தனையும் அரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, பாவம்.

அப்புறம் மரத்தடிக்கு ஓடினா. ஊரே அங்கதான் தாண்டவராயனைச் சுத்தி உட்கார்ந்திருக்கு.

"ஐயா, கரை கசியுது, ஆளுங்களை அனுப்புங்க!"

தாண்டவராயன் கண்ணை மூடிக்கிட்டார். "அவசரப்படாதேன்னு அரபு நாட்டுல ஒரு வாக்கு இருக்கும்மா."

"ஆஹா!"ன்னாங்க அத்தனை பேரும். ம்?

அப்புறம் தண்ணி சொளசொளன்னு ஊத்துது. திரும்பவும் ஓடினா.

"தாமதிக்காதேன்னு சீன தேசத்துல ஒரு வாக்கு இருக்கு"ன்னார். ஆளுங்க எழுந்துட்டாங்க. "உட்காருங்கடா! ரெண்டு வாக்கும் மோதுது. மூணாவது தேசத்தைக் கேட்டுத்தான் முடிவு."

உட்கார்ந்துட்டாங்கடி, தண்டங்க!

அப்புறம் கரை மடமடன்னு சரியுது. வயல் ஓரத்துல நெல்லு முழுகுது. மூணாவது தடவை ஓடினா.

"பர்மாவுல என்னவோ சொன்னாங்க, நாக்கு நுனியில நிக்குது…"

பச்சையம்மாவுக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா சிரிச்சா. "கரையைப் பார்த்தா ஞாபகம் வரும், வாங்கய்யா."

ஊரே தோள்ல மம்பட்டியோட பின்னாடி வந்துச்சு, ஒருத்தனும் இறக்கலை. தாண்டவராயன் உடைப்புக்கு மேலே குனிஞ்சு பார்த்தார். பச்சையம்மா பின்னாலேர்ந்து ஒரே தள்ளு. தொபுக்கடீர்! உடைப்புக்குள்ளே கச்சிதமா மாட்டிக்கிட்டார். தண்ணி நின்னுபோச்சு. பிறந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் அந்த மனுஷன் ஊருக்குப் பிரயோஜனமா உட்கார்ந்தார்.

"மண்ணைப் போடுங்கடா!"ன்னு அலறினார்.

"ஐயா, இது எந்த தேசத்து வாக்கு?"

"எந்த தேசமும் இல்லடா, மடப்பயலே! முதுகைப் பிச்சுக்கிட்டுப் போகுது! போடு மண்ணை!"

அப்போதான் நகர்ந்தானுங்க. தொப்பு தொப்புனு மண்ணு. சாயங்காலத்துக்குள்ளே உடைப்பு அடைஞ்சுபோச்சு. அவரையும் சேத்துலேர்ந்து பிடுங்கி எடுத்தாங்க. பச்சையம்மாவுக்கு ஓரத்துல ரெண்டு வரிசைதான் போச்சு, மிச்சமெல்லாம் தப்பிச்சுது.

தூங்கிட்டியா? ம்.

மறுநாள் விடிஞ்சா, ஊரே அவ வயல் வரப்புல கைகட்டி உட்கார்ந்திருக்கு.

"தாயே, அவரைத் தள்ளினப்போ எந்த நாட்டு வாக்கை நினைச்சுத் தள்ளினே?"

"என் நெல்லை நினைச்சேன். எந்திரிங்க, அறுக்கணும்"னுட்டு அரிவாளோட இறங்கிட்டா.

அவ நெல்லு களத்துக்குப் போச்சு, என் கதையும் கட்டுக் கட்டியாச்சு. நீ கண்ணை மூடு.